டவர் உச்சியில் ஒரு ட்ரோன்

மூன்று வருடமாகப் படுக்கையிலேயே இருக்கும் பிரிஜித்தா, ட்ரோன் பார்ப்பதைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பறக்கப் பழகினாள். நாலாம் நாளே ட்ரோன் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது; கண்ணாடியில் கடலோரம் மட்டும் தெரிந்தது, இடம் தெரியவில்லை. நல்லவேளை, அதன் வயிற்றில் ஃபோன் நம்பரை ஒட்டியிருந்தாள். மறுநாள் செல்ஃபோன் டவர் மெக்கானிக் ஒருவன் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க ட்ரோன் எங்க டவர் உச்சில மாட்டிக் கெடக்கு. றெக்கை ஒடஞ்சிருக்கு. எறக்கிரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. முதுகுல சோலார் தகடு இருக்கு, வெயில்ல அதுவே சார்ஜ் ஏத்திக்கிடும். கேமரா ஓடுது."

"டவர்ல எதையும் விட்டுவைக்கக் கூடாதுக்கா."

"நேத்து எங்க வீட்டுக்காரர் வள்ளம் கரைக்கு வந்தத அதுலதான் பாத்தேன். ஓரத்துல கொஞ்சம்தான் தெரிஞ்சிது."

ஃபோனில் காற்றின் இரைச்சலோடு அவன் எதையோ பிடித்துத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடிக்குள் கடல் மெல்ல நகர்ந்து நடுவே வந்து நின்றது.

"இப்ப முழுசாத் தெரியுதாக்கா?"