ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

மனைவி சுடர்விழி இறந்த இருபதாம் நாள், அவள் பெயரில் இருந்த கேஸ் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற இளம்பரிதி ஏஜென்சிக்குப் போனான். கவுண்டரில் இருந்த பெண் டேப்லெட்டை அவன் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு வட்டங்கள்: திருமணமானவர், திருமணமாகாதவர். பார்த்ததுமே அது தன்னுடைய படிவம் என்று தெரிந்துவிட்டது. நான்கு வருடங்களுக்கு முன், பிரவுசரில் ஓடும் செயலிகளை எழுதுபவர்கள் வெறுங்கையோடு தொடங்க வேண்டாம் என்று ஒரு தொடக்கத் தொகுப்பை அவன் செய்து வைத்தான். உள்நுழைவு, படிவம், தேதி என எல்லாம் தனித்தனித் துண்டுகள். வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். அதைச் சோதித்துப் பார்த்த, உடன் வேலை செய்த ரெஜினா, “துணையை இழந்தவங்க எதைத் தொடுவாங்க?” என்று கேட்டாள். “இது சும்மா மாதிரிங்க. வேணுங்கறவங்க சேத்துக்குவாங்க” என்றான். யாரும் சேர்க்கவில்லை. அப்படியே எடுத்துப் போனார்கள்.

“மூணாவதா ஒண்ணு இல்லீங்களா?” என்று கேட்டான்.

“தினம் நாலு பேர் கேக்கறாங்க சார். இதப் பண்ணவன் வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க போல. ஒண்ணைத் தொடுங்க, தொடாம அடுத்த பக்கம் போகாது.”

அதுவும் அவன் எழுதிய விதிதான்.

“மத்தவங்க எதைத் தொடுவாங்க?”

“கொஞ்ச நேரம் பாத்துட்டே நிப்பாங்க. அப்புறம் ஆனவர்னு போட்டுட்டு, தப்பில்லையேம்மான்னு எங்கிட்ட கேப்பாங்க.”

இளம்பரிதி முதல் வட்டத்தைத் தொட்டான். டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினான்.

“தப்பில்லை சார்” என்றாள் அவள்.