நிறைவேறிய திருத்தம்

"நர்ஸ் சம்பளத்தை வெட்டுறீங்க, வாத்தியார் சம்பளத்தை வெட்டுறீங்க. நம்ம சம்பளத்துல மட்டும் ஏன் கை வைக்க மாட்டேங்கிறீங்க?"

சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர் போட்ட சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த ரெண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.

செலவைக் குறைக்க, அரசு ஊழியர் சம்பளத்தில் கால் பங்கை வெட்டும் மசோதா அது. உறுப்பினர்கள் சம்பளத்தையும் அதே அளவு வெட்டச் சொல்லி ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார் அவர்.

ஆளுங்கட்சியின் புது உறுப்பினருக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் மனைவியும் அரசாங்க நர்ஸ்தான்.

"என் சம்பளத்தை வெட்டிட்டு உங்க சம்பளத்தை முழுசா வாங்கிட்டு வருவீங்களா? வெக்கமா இல்ல?" என்று காலையில்தான் கேட்டிருந்தாள்.

அவர் கட்சியில் ஓட்டுப் போடுவதில் பெரிய சிரமம் எதுவும் கிடையாது. முன்வரிசையில் ஒரு குரல் எழும்பினால் போதும். மற்றவர்கள் செல்போனிலிருந்து தலை நிமிராமலே கூடச் சேர்ந்து கத்துவார்கள்.

"திருத்தத்தை ஏற்பவர்கள் ஆம் என்க" என்றார் சபாநாயகர்.

"ஆம்!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புது உறுப்பினர் அடித்தொண்டையிலிருந்து கத்தினார். அவ்வளவுதான். பின்னால் இருந்த மொத்தக் கட்சியும் "ஆம்!" என்றது.

"மறுப்பவர்கள்?"

ஆளுங்கட்சிக் கொறடா மட்டும் பதறி எழுந்து "இல்லை" என்றார். அது யார் காதிலும் விழவில்லை.

"திருத்தம் நிறைவேறியது!"

சபை பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்ததும் கொறடா புது உறுப்பினரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "யோவ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அடுத்த தேர்தல்ல சீட்டுன்னு என் முன்னாடி வந்து நின்னுடாதே!"

புது உறுப்பினருக்குத் தன் அரசியலே முடிந்துபோனது என்று புரிந்தது. ஆனாலும் ஒரு நல்ல மனுஷனுக்குத் துணை நின்றோமே என்ற திருப்தி. நேரே எதிர்க்கட்சித் தலைவரின் அறைக்குப் போனார்.

அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார், இன்னொருவர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்கு சீட்டு போனாலும் கவலையில்லை. நீங்க கேட்டது நியாயம், அதான்..."

தலைவர் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"அடப்பாவி! இத்தனை வருஷமா நான் எதைக் கொண்டுவந்தாலும் தோற்கடிச்சீங்களே... அந்த நம்பிக்கையிலதானேய்யா இதையும் கொண்டுவந்தேன்!"