கெபி மணி

"அந்தோனியாருக்கு நேர்ந்து குடுத்த மணியை இறக்கச் சொல்லுறியோ? உனக்கென்ன விசரோ தம்பி?" என்று சம்மாட்டி சிங்கராசா கத்தினார். மூன்று வள்ளங்களின் சொந்தக்காரர். குரலும் அதற்கேற்ற மாதிரித்தான்.

தலைமன்னார்க் கடற்கரையில், அந்தோனியார் சொரூபம் வைத்த சின்னக் கெபிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். நடுவில் நின்றான் றெனால்ட். இதே கரையில் பிறந்து, வெளிநாட்டில் ரொக்கெட் செய்யும் கொம்பனியொன்றில் வேலை பார்ப்பவன். முந்தநாள்தான் வந்து இறங்கியிருந்தான்.

"மாமா, அது மணியில்லை. எங்கட ரொக்கெட்டின்ர வாய். நெருப்புக் கக்கிற இடம். போன வருசம் மேல போகேக்க வெடிச்சுக் கடலுக்குள்ள விழுந்தது. நீங்கள் முகநூலில போட்ட படத்தைப் பார்த்துத்தான் ஓடி வந்தனான்."

"ஆகாயத்தில இருந்து விழுந்தாலென்ன, கடல் தந்தது கடல் தந்ததுதான். என்ர வலையில வந்தது. நாக்குப் பூட்டித் தொங்கவிட்டது நாங்கள்."

அதுவும் சரிதானே. வலையில் மீனல்லாத எது வந்தாலும் அந்தோனியாருக்குக் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். கொடுத்ததைத் திருப்பி எடுக்க இதுவரை யாருக்கும் துணிவு வந்ததில்லை.

செலீனா மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். வள்ளம் பிந்தினால் மணி அடிப்பவள் அவள்தான். இரண்டு வருடங்களுக்கு முன், மழை இருட்டில் கரை தெரியாமல் போன அவள் புருசன் திரும்பி வரவே இல்லை. அப்போது கெபியில் மணி இல்லை. மணி வந்த பிறகு ஓர் உயிரும் போகவில்லை.

"இதில அப்பிடி என்ன கிடக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பாருங்கோ அக்கா, இது வார்த்த சாமானில்லை. உலோகத் தூளைப் பரப்பி, லேசரால உருக்கி, திரும்பப் பரப்பி, திரும்ப உருக்கி, தாள் தாளா வளர்த்தது. சுவருக்குள்ள மெல்லிய குழாய்கள் ஓடுது. அதுக்குள்ளால குளிரான எரிபொருள் போனால்தான் இது உருகாமல் நிக்கும்."

மணியின் பக்கத்தில் கருகிக் கிடந்த ஓட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"இதாலதான் வெடிச்சது. ஒண்டில், வரைபடம் கீறினவன் சுவரை மெல்லிசாக் கீறியிருக்கவேணும். இல்லாட்டி, மிஞ்சின தூள் குழாய்க்குள்ள அடைச்சிருக்கவேணும். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்?" என்றார் சிங்கராசா.

"போன முறை ஆளில்லாமப் போனது மாமா. வாற மாசம் நாலு பேர் ஏறிப் போகினம். அதிலயும் இதே மாதிரி வாய்தான்."

சிங்கராசா மணியை ஒருக்கா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கொம்பனியோ உன்னை அனுப்பினது?"

"ஓம். ரகசிய வேலை. அந்தப் படத்தையும் அழிச்சுவிடுங்கோ. ஆர் வந்து கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

சிங்கராசா தலையைச் சொறிந்தார். செலீனாதான் மறுபடி வாய் திறந்தாள்.

"அந்த நாலு பேரும் கலியாணம் கட்டினவையோ தம்பி?"

"மூண்டு பேர் அக்கா. ஒராளுக்குக் கைக்குழந்தை."

அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது.

"கழட்டுங்கோ சம்மாட்டியார்."

"எடி பிள்ளை, உன்ர தமையனும் இப்ப கடலிலதான் நிக்கிறான். மழை வந்தா என்ன செய்வாய்?"

"தகரத்தில தட்டுறன். தொண்டை கிழியக் கத்துறன். என்னைப் போல இன்னொருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது."

சிங்கராசா சிலுவை போட்டுக்கொண்டு மணியை இறக்கினார். செலீனா அதை முத்தமிட்டு, தன் கையாலேயே சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கும்போது றெனால்ட் விம்மி அழுதான். பாவம், நல்ல மனசுள்ள பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு மணித்தியாலத்தில் அவன் மன்னார் டவுனில், றுஸ்தியின் வெல்டிங் கடையில் நின்றான்.

"துண்டு துண்டா வெட்டுங்கோ நானா. ஒரு துண்டும் உள்ளங்கையை விடப் பெரிசா இருக்கக் கூடாது."

"நல்ல மணி மாதிரிக் கிடக்கே. ஏன் தம்பி பழுதாக்கிறீங்கள்?"

"உது பழைய இரும்பு. வெட்டுங்கோ."

கிறைண்டர் அலறியது. ஓட்டைக்குப் பக்கத்துச் சுவர் பிளந்ததும், மெல்லிய குழாயொன்றுக்குள்ளிருந்து சாம்பல் நிறத் தூள் பொலபொலவென்று நிலத்தில் கொட்டியது. றெனால்ட் அதைச் செருப்பால் மண்ணோடு மண்ணாகத் தேய்த்தான்.

அவன் ஊருக்கு வந்திருப்பது கொம்பனிக்குத் தெரியாது. குழாய்களையெல்லாம் ஸ்கான் செய்தாயிற்று, எதற்குள்ளும் தூள் இல்லை என்று, பார்க்காமலே கையெழுத்து வைத்தவன் அவன்தான்.