அலகில் ஒரு இட்லித் துண்டு

குஞ்சு பொரித்த பிறகு அன்றைக்குத்தான் மைனாவும் அவள் வீட்டுக்காரரும் வெளியே கிளம்பினார்கள். கடலோரச் சாலையோடு பறந்து, பாறை உச்சியில் இருந்த ஓட்டலின் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள்.

"உனக்காகவே தேடிப் பிடிச்ச இடம். கடலைப் பாரு, எப்படி இருக்கு?" என்றார் அவர்.

அவள் வாயே திறக்கவில்லை. வந்ததும் வராததுமாக மேஜையில் கிடந்த இட்லித் துண்டைப் பிள்ளைகளுக்கென்று கவ்வி வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் அது அலைக்குத்தான் போகும்.

"பிடிக்கலையா? வீணா இழுத்துட்டு வந்துட்டேனோ?" அவர் முகம் தொங்கிப்போனது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. துண்டை அவர் அலகில் திணித்தாள்.

"ஏங்க, எவ்வளவு தண்ணீ! கண்ணு கொள்ளலைங்க. அடுத்த தடவை பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரணும்!"

கூடு போய்ச் சேரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவர் ஒரு துணுக்கும் சிந்தாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.