தட்டுவடையின் அடிப்பக்கம்

செல்லாயியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘ரமேஷ்குமார்’ என்று எழுதியிருந்தது.

ஓமலூரிலிருந்து வரவேண்டிய ரமேஷ்குமார் வரவில்லை. சின்னக்கடை வீதி முனையில் சிவப்புக் குடை பிடித்துப் பத்துப் பேரோடு நின்ற பெண்ணிடம், “தட்டுவடக் கடைக்குங்களா போறீங்க சாமி?” என்று செல்லாயி கேட்டதுதான் தாமதம், அட்டை கழுத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண் கயல்விழி. வெளியூர்க்காரர்களைச் சேலத்துக் கடைகளுக்கு நடத்திக் கூட்டிப்போய், ஒவ்வொன்றிலும் எதையாவது தின்னக் கொடுத்து, அதன் கதையையும் சொல்வது அவள் தொழில். தின்பதற்குக்கூட வழிகாட்ட ஆள் இருக்கிறதா என்று செல்லாயி வாயைப் பிளந்தாள்.

முதலில் ஒரு பேக்கரி. அடுப்பிலிருந்து இழுத்த தட்டில் தேங்காய் பன் வரிசை வரிசையாகப் பொங்கி நின்றது. ஒன்றுகூடக் கோணல் இல்லை. வாங்கிய பன்னைச் செல்லாயி தின்னாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது தட்டுவடை செட்டு. தட்டை போல மொறுமொறுப்பான இரண்டு சின்ன வடைகளுக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும். எல்லோரும் ஒரே வாயில் போட்டுக் கண்ணை மூடினார்கள்.

செல்லாயி மட்டும் வெறும் வடை ஒன்றைக் கேட்டு வாங்கி, திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மழமழவென்று இருந்தது. வைத்துவிட்டாள்.

இரண்டாவது தட்டுவடைக் கடையிலும் அதேதான்.

அவள் தேடியது அவள் தட்டிய வடையை. வெண்ணந்தூரில் தன் வீட்டில் தினம் ஒரு மூட்டை வடை சுட்டுப் போடுகிறாள். எந்தக் கடைக்குப் போகிறது என்று டெம்போக்காரரைக் கேட்டால், “சேலம் பூராத்துக்குந்தானுங்க” என்பார்.

அந்தச் சேலத்தில்தான் எங்கேயோ அவள் மகளும் இருக்கிறாள்.

நாலு வருசத்துக்கு முன்னால், தனக்குப் பிடித்தவனோடு மாலையும் கழுத்துமாக வந்து வாசலில் நின்றவள். அப்பன் சென்னிமலை கதவைச் சாத்தினார். மகள் அம்மாவைப் பார்த்தாள். செல்லாயி வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் தெரு, என்ன நம்பர், ஒன்றும் தெரியாது. வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக்கூடாது. அவள் பேர் வெட்டிய குடம், குண்டான் எல்லாவற்றையும் சென்னிமலை பழைய பாத்திரக்காரனிடம் தூக்கிப் போட்டார்.

அம்மாவை அவள் இன்னும் நினைக்கிறாளா, அல்லது அன்றைக்கே தலை முழுகிவிட்டாளா? செல்லாயிக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். புருசனிடம் கண்ணாஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தாள். பார்க்கத்தானே வந்தாள், பெரிய பொய் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது கடை. வடையைத் திருப்பினாள்.

அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து.

செல்லாயியின் வடைதான். பாத்திரக்காரன் கண்ணில் படாமல் தப்பியது ஒரே ஒரு டம்ளர். மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வைத்த சீர், அடியில் அவள் பேர் வெட்டியது. அதை வைத்துத்தான் நாலு வருசமாக ஒவ்வொரு வடையையும் அழுத்துகிறாள். எண்ணெயில் வெந்தும் அழியாமல் அது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பக்கத்தில் நின்ற சின்னப்பெண் எட்டிப் பார்த்தாள். டிசைன் நல்லா இருக்கே என்று வடையை வாங்கிக் கன்னத்தோடு வைத்து செல்பி எடுக்கப் போனவள், போனையே உற்றுப் பார்த்தாள்.

“ஏய், இது டிசைன் இல்ல, பேரு! க... னி... கனிஷ்கா!”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடியில் தெரிவதைப் போல இடம் வலம் மாறி விழுந்திருந்த எழுத்து, போனுக்குள் நேராக நின்றது. செல்லாயி தன் பேரை எழுதும் அளவுக்குத்தான் படித்தவள். இத்தனை நாளும் அது திரும்பி விழுகிறது என்று அவளுக்கு உறைக்கவேயில்லை.

கனிஷ்கா, கனிஷ்கா என்று ஆளாளுக்குப் படித்தார்கள். வீட்டுக்குள் முணுமுணுக்கவும் முடியாத பேர் பட்டப்பகலில், நடுவீதியில், யார் யார் வாயிலோ. செல்லாயிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடைக்காரரும் வடையை வாங்கிப் பார்த்தார்.

“அட, பேருங்களா இது! வியாழக்கெழமையானா ஒரு புள்ள வருமுங்க. சட்னி, காய் எதுவும் வேண்டாங்கும். ஒவ்வொரு வடையாத் திருப்பித் திருப்பிப் பாத்து எடுக்கும். வந்து நின்னதும், ‘என் வட வந்துருச்சாண்ணா’ன்னுதான் கேக்கும். இதென்னடா, என் வடைங்குதேன்னு நானும் நெனச்சுக்குவேன்.”

செல்லாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காரமாக்கும் என்று நினைத்துக் கயல்விழி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வியாழக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்கு மறுபடியும் வரவேண்டும் என்று செல்லாயி அங்கேயே முடிவு செய்துவிட்டாள். ஆனால் நாலு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் திடுதிப்பென்று எதிரில் போய் நிற்பது எப்படி? முன்னால் ஒரு சொல் போய்ச் சேர வேண்டாமா?

கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்தது. வழியில் ஒரு பாத்திரக்கடை. செல்லாயி மட்டும் படியேறி, அடி அகலமான எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தாள்.

“பேரு வெட்டணுங்களா?” கடைக்காரர் அவள் கழுத்து அட்டையைப் பார்த்தார். “ரமேஷ்குமார்னு போட்டுரலாங்களா?”

“இல்லீங்க,” என்றாள் செல்லாயி. “அம்மான்னு போடுங்க. அடியில. எழுத்தத் திருப்பி வெட்டுங்க சாமி.”