கால் ஒடியட்டும்

"நல்லபடியா ஆடிட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னாள் ஜோசி.

மேடை ஓரத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

எங்கள் தொழிலில் யாரும் யாரையும் அப்படி வாழ்த்த மாட்டோம். வாழ்த்தினால் விளங்காது. திரை விலகுமுன் "கால் ஒடியட்டும்" என்றுதான் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் எங்கள் பிராட்வே நாடகத் தெரு முழுக்க, வாசல் காவல்காரனிலிருந்து தயாரிப்பாளர் வரைக்கும், அதுதான் வாழ்த்து. நல்ல வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்கு ஆட்டம் நாசம்.

"அடிப்பாவி!" என்று எனக்கு வேட உடை மாட்டிவிடுகிற உடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

தெரியாத்தனமாக வாய் தவறுகிறவள் இல்லை ஜோசி. அவள் அம்மாவும் மேடைக்காரிதான். வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் யார் என்று சொன்னால் உங்களுக்கும் புரியும். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில் ஆடுகிறவள். ஆனால் என் வேடம் முழுக்க, பாட்டு, வசனம், அடவு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்கு ஒரு நாள் முடியவில்லை என்றால் அன்றைக்கு நாயகி அவள்தான். வருகிறவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள்: இன்று இந்த வேடத்தில் ஜோசி கலாப்ரீஸ்.

அந்தச் சீட்டை ஐந்து மாதமாக அச்சாகவிடாமல் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு எட்டு ஆட்டம், ஒன்றுகூடத் தவறவில்லை.

பத்தொன்பது வருஷம் பின்வரிசையில் இடுப்பை ஆட்டியவள் நான். நாற்பத்தொரு வயதில்தான் தியேட்டர் வாசலில் விளக்குப் போட்டு என் பெயரை எழுதினார்கள். எப்படி எழுதினார்கள்? போன நாடகத்தில் நாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவளுக்குப் பதிலாக நான் போய் நின்றேன். அடுத்த நாடகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவள் என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் ஜோசி மாதிரிப் பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனை நாளும் "கால் ஒடியட்டும் லொரெய்ன்" என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு யார் சொன்னாலும் அது ஆசீர்வாதம். இவள் சொன்னால்? நிஜமாகவே என் கால் ஒடிந்தால்தானே இவளுக்கு விடியும்! புகார் சொல்லவும் வழியில்லை. முறைப்படி வாழ்த்துகிறவளை என்ன சொல்லித் திட்டுவது?

கொஞ்ச நாளாக இன்னும் மோசம். முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை, என் காலையே பார்க்கிறாள். என் வேடத்துப் பூட்ஸ் தனக்குப் பொருந்துமா என்று அளவெடுக்கிறாளாக்கும்.

நேற்று நான் காத்து நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கிழவி உட்காரட்டும் என்று. வயிறு எரிந்தது. உட்காரத்தான் உட்கார்ந்தேன்.

இன்றைக்கு இது.

புதன்கிழமை மதிய ஆட்டம். நியூ ஜெர்சியிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்த பெண்கள் உள்ளே மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியக்காரர்கள் முன்னிசையைத் தொடங்கிவிட்டார்கள். அது காதில் விழுந்தால் போதும், வாடகை, காய்ச்சல், ஓடிப்போன புருஷன் எல்லாம் எனக்கு மறந்துவிடும். அதைப் போய் இவளுக்கு விட்டுக்கொடுப்பேனா?

மேடை மேலாளர் வால்ட் ஜோசியை முறைத்தான். "வெளிய போய் மூணு சுத்து சுத்தித் துப்பிட்டு வா, தோஷம் கழியட்டும். வந்து ஒழுங்கா வாழ்த்து."

"சுத்திட்டு வர்றேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! அவள் கையைப் பிடித்துக் கறுப்புத் திரைச்சீலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி, இன்னிக்கு என்னைத் தீத்துக்கட்டணும்னே வந்தியா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"விரிசல் விட்ட காலைப் பாத்து ஒடியட்டும்னு எப்படிச் சொல்றது லொரெய்ன்? எங்கம்மாவுக்கும் இதே மாதிரி விரிசல் விட்டுது, நீங்க கால் ஊன்றதைப் பாத்தாலே எனக்குத் தெரியுது. பத்து நாளா பல்லைக் கடிச்சுட்டுச் சொன்னேன். இன்னிக்கு எனக்கு வாய் வரல."

எனக்குக் குப்பென்று வியர்த்தது.

பத்து நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கட்டுப் போட்டுக்கொள்கிறேன். பூட்ஸை உடைக்காரியிடம்கூடக் கொடுப்பதில்லை. இடது கணுக்காலில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் ஊன்றவே கூடாது, மீறி ஆடினால் அப்புறம் ஆயுசுக்கும் ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பத்து நாள். வால்ட்டிடம் இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வேடம் இவளுடையது. இவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்களே சொல்லிடுங்க. நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வால்ட் திரைச்சீலையை விலக்கினான். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன லொரெய்ன், ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜோசி வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன். இந்த ஐந்து மாதத்தில் அவளை நான் நம்பியது அப்போதுதான்.