வண்டி இருந்தும்

ஒன்று: 1979. அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்ட ஒன்பது குடும்பங்களை வேலையிலிருந்து நிறுத்தியது. செய்தவர், பண்ணையார் காசிநாதனின் தகப்பனார்.

இரண்டு: 1987. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் முள்வேலி போட்டது. செய்தவர், காசிநாதன்.

மூன்று: 1992. மின்கம்பம் நடத் தன் வரப்போரம் இடம் தராமல், காலனியை ஆறு வருடம் இருட்டில் வைத்தது. செய்தவர், காசிநாதன்.

நான்கு: 1998, நவம்பர் மழை. பிரசவ வலியில் துடித்த ரெஜினாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டிராக்டர் கேட்டு வாசலில் நின்றும், வண்டி இருந்தும் தராதது. குழந்தை பிழைத்தது. ரெஜினா பிழைக்கவில்லை. செய்தவர், காசிநாதன்.

ரெஜினா என் மனைவி. பிழைத்த குழந்தை ஜோயல்.

நான்கையும் எழுதியவன் நான். இருபத்தேழு வருடமாகக் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் சாலை மறியலிலும் இதே வரிசையில் படித்திருக்கிறேன். ஒரு வரியைக்கூட யாரும் பொய் என்று சொன்னதில்லை. யாரும் மன்னிப்புக் கேட்டதும் இல்லை.

எங்கள் காலனிச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குற்றத்தை எழுதினால் இரண்டு சாட்சிகளை நிற்கவைத்து, செய்தவர் பெயரைக் கடைசியாகச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். பெயர் இல்லாத புகாரை நாங்கள் எழுதுவதில்லை.

இன்று காலை ஐந்தாவது குற்றத்தை எழுதச் சொல்லிக் காலனியே சங்கத்து வாசலில் கூடிவிட்டது.

புயல் அடித்து நான்கு நாளாக நெம்மேலிப் பக்கம் கரண்ட் இல்லை. எங்களிடம் இருந்த ஒரே கரண்ட் ஜோயலின் காரில் இருந்தது. அவனுக்குச் சிறுசேரியில் வேலை, தவணையில் வாங்கிய எலக்ட்ரிக் கார். அதிலிருந்து ஒயர் இழுத்துத் தினமும் தண்ணீர் மோட்டாரைப் போட்டோம். குடிதண்ணீருக்குத் தவிர வேறு எதற்கும் அந்தச் சார்ஜைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தோம்.

இன்று மோட்டார் ஓடவில்லை.

"காரு செத்துப்போயி கீது," என்றான் பூபாலன். "ஏன் சாவாது? விடிகாலைல என் கண்ணால பாத்தேன். காசிநாதன் வூட்டு வாசல்ல நின்னுகினு இருந்திச்சி. ஜன்னல் வழியா ஒயரு உள்ள போவுது."

செங்கம்மாள் காலிக் குடத்தை ஜோயலின் காலடியில் வைத்தாள்.

"இன்னாடா, பெரியவூட்ல லைட்டு போட்டு நாஸ்தா குட்த்தாங்களா?"

"லைட்டு இல்ல அத்த," என்றான் ஜோயல். "காசிநாதன் சம்சாரம் சாரதாம்பாள் அம்மாவுக்கு ஆக்சிஜன் மிஷினு. ராத்திரி அவங்க இன்வெர்ட்டர் நின்னுபோச்சி. ரோட்ல மரம் விழுந்து கெடக்குது. ஆம்புலன்ஸ் வந்து சேர்றதுக்கே விடிஞ்சிடுச்சி."

"அதுவரிக்கும் நம்ம தண்ணிய குட்த்து அவங்க மூச்ச காப்பாத்தினியா?"

"அவங்க புள்ள பார்த்திபன் வந்து நம்ம வாசல்ல நின்னான் அத்த. உள்ள வரல. மழைல நின்னான்."

"உங்கொப்பனுந்தான் அன்னிக்கி அவங்க வாசல்ல மழைல நின்னாரு!" பூபாலன் கத்தினான். "உங்கம்மாளுக்கு இன்னா குட்த்தாங்க?"

ஜோயல் பூபாலன் பக்கம் திரும்பினான்.

"ஓட்டினு போனது நான்தான் மாமா. எம் பேர எழுதிக்கோங்க."

செங்கம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைத் தூக்கி வளர்த்தவள்.

"நீயா போயிருக்க மாட்ட. அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு பத்து வயசுலியே சத்தியம் பண்ணவன் நீ. யாரு போவச் சொன்னது?"

அவன் குனிந்துகொண்டான்.

"யாரா இருந்தாலும் வுடக் கூடாது," என்றான் பூபாலன். "எழுது அண்ணாத்த. ஒன் புள்ளைய வச்சிகினே எழுது. இந்தத் தேவசகாயம் பேனா ஒருத்தனுக்கும் வளையாதுன்னு நீயே சொல்லித்தான் எங்கள மறியலுக்கு இட்டும்போன."

நோட்டை எடுத்தேன். எழுதி முடித்தேன்.

"சாட்சிங்க எழுந்து நில்லுங்க."

பூபாலனும் செங்கம்மாளும் நின்றார்கள்.

"வேணாம்பா," என்றான் ஜோயல், மெதுவாக.

"இப்ப பயப்படறியாடா?" என்றான் பூபாலன்.

வழக்கப்படி முதலிலிருந்து படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில், 'வண்டி இருந்தும் தராதது' என்ற இடத்தில், என் குரல் எப்போதும் போல உறுதியாகத்தான் இருந்தது. அந்த நான்கில் ஒரு எழுத்தையும் நான் அடிக்கவில்லை. அடிக்கவும் மாட்டேன்.

பிறகு பக்கத்தைத் திருப்பினேன்.

"ஐந்து: 2025, புயல் மழை. பார்த்திபன் நம் வாசலில் வந்து நின்றபோது, வண்டி இருந்ததால், சங்கத்தின் தீர்மானத்தை மீறி, மாட்டேன் என்ற ஜோயலைக் கட்டாயப்படுத்தி அனுப்பி, காலனியின் கரண்டைக் காசிநாதன் வீட்டுக்குக் கொடுத்தது. செய்தவர்..."

சாட்சிகள் இருவரையும் பார்த்து, சத்தமாகப் படித்தேன்.

"தேவசகாயம்."